பின்சீட்டு இல்லாத வண்டி

ஜனவரி 19, திங்கள்

ஐம்பத்து நான்கு வயதில், முட்டி தேய்ந்த ஒரு மனிதருக்கு, இரண்டே கதவு உள்ள, தரையோடு ஒட்டிப் போகிற, அழுத்தினால் பறக்கிற கார் எதற்கு? பொங்கலுக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்டால், "சும்மா ஒரு இதுதான் அம்மிணி."

காலையில் பனி. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. துணி காயாது.

தெரிந்ததையாவது எழுதி வைக்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் போர்வெல் ரிக்கோடுதான். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், நடுவில் கொஞ்ச காலம் ஆப்பிரிக்கா. ஊருக்கு வருவது மழைக்காலத்திலும் நோம்பி, பண்டிகைக்கும். இந்தத் தீபாவளிக்கு வந்தவர், சட்டையைக் கழற்றி மாட்டும்போது, "இனிப் போகல" என்றார். பொங்கலும் போயிற்று. இன்னும் இருக்கிறார்.

ஆனால் குமரேசன் தினமும் போன். என் சித்தப்பா மகன். ரிக்கில் இவரோடு பங்கு. தைப்பூசத்தன்று, பிப்ரவரி 1, ரிக் கிளம்புகிறது. மாமா வந்தால்தான் குழி ஒழுங்காக இறங்கும் என்கிறான். இவர் வருகிறேன் என்றும் சொல்வதில்லை, வரவில்லை என்றும் சொல்வதில்லை. "பாக்கலாம் மாப்ள." அவர் யாரிடமும் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. போன வருடமும் பாக்கலாம் என்றுதான் சொன்னார். போனார்.

அதற்குள் கார் வந்துவிட்டால் இருந்துவிடுவார் என்று எனக்குள் ஓர் ஊகம். ஆதாரம் எதுவும் இல்லை. இருந்தாலும் கார் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வேலையாக இருந்தால் செய்ய எனக்குத் தெரியும்.

பால்காரர் வரவில்லை.

ஜனவரி 21, புதன்

நல்ல வெயில். கல்லூரியில் இரண்டாமாண்டுக்கு நம்பகத்தன்மை பாடம் எடுத்தேன். புது இயந்திரம் ஆரம்பத்தில் தொல்லை கொடுக்கும், நடுவில் சத்தமில்லாமல் ஓடும், வயதானதும் மறுபடி தொல்லை. படம் போட்டேன், குளியல் தொட்டி வடிவில். பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண், பக்கத்துப் பெண்ணிடம்: "புருசனுக்கும் இதேதான்டி." சிரிப்பு வந்தது. திரும்பிப் பலகையைத் துடைத்தேன்.

மாலையில் அவரை உட்கார வைத்துக் கேட்டு எழுதியது.

அவருக்கு வேண்டியது: ரெண்டு கதவு. இழுவை. சத்தம், அவர் காதுக்கு எட்டுகிற அளவு.

எனக்கு வேண்டியது: நடுவழியில் நிற்கக் கூடாது. உதிரிபாகம் கோவைக்குள் கிடைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக். அவர் முட்டி ஏறி இறங்க ஒத்துழைக்க வேண்டும் (ஒத்துழைக்காது).

புது வண்டியெல்லாம் கட்டுப்படியாகாது. பழையதுதான். பழையதிலும் இந்த ரகத்தில் நம் பக்கம் விற்பனைக்கு இருப்பவை இரண்டே. சேலத்தில் ஒரு ஜெர்மன் வண்டி, காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ வைத்தது. மேட்டூரில் அதைவிடப் பழைய ஜப்பான் வண்டி, டர்போ இல்லாத பெரிய ஆறு சிலிண்டர். இனி ஜெ., ஜ. என்று எழுதுகிறேன்.

ஜெ. வேகம். ஜ. உறுதி. படித்தவரை அவ்வளவுதான். அவர் ஏற்கனவே ஜெ. பக்கம். "டர்போ இல்லாத வண்டி ஒரு வண்டியா? காத்த அமுக்கித்தானே அம்மிணி இத்தன வருசம் சோறு தின்னோம்."

புனேயிலிருந்து மகள் யாழினி போன். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? பெருசா ஒரு ஏழு சீட்டர் வாங்குங்க. எல்லாரும் ஒண்ணாப் போலாம்."

பக்கத்து அறையிலிருந்து அவர்: "அதானே வேண்டாங்கறேன்!"

ரிக்கில் காற்றை அமுக்கும் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று காது போய்விட்டது. காதுமெஷின் அலமாரியில் தூங்குகிறது. நான் கூப்பிட்டால் கேட்காது. இது மட்டும் எப்படிக் கேட்டது?

ஜனவரி 24, சனி

சேலம். பைபாஸ் ஓரம், பழைய சொகுசுக் கார்கள் விற்கும் இடம். கண்ணாடி அறை, ஏசி, கருப்புக் காபி. விற்கிற பையன் கோட் போட்டிருந்தான். "மேடம், ஷோரூம் கண்டிஷன். டாக்டர் ஓட்டின வண்டி." எல்லா வண்டியும் டாக்டர் ஓட்டியவையே.

இவர் என் காதருகே குனிந்து ரகசியம் சொன்னார்: "இவன் பொய் பேசறான்னு நெனைக்கறேன்." காவலாளி வரைக்கும் கேட்டது. பையன் கூரையைப் பார்த்தான். இவருக்கு ரகசியம் என்றால் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் பேசுவதில் கொஞ்சம் குறைவு. பாவம், குறைத்துவிட்டதாகத்தான் நினைக்கிறார்.

ஓட்டிப் பார்த்தோம். நீலம் கலந்த சாம்பல் நிறம். அழகுதான், மறுக்கவில்லை. சங்ககிரிப் பக்கம் ரோடு காலியாக இருந்தபோது அழுத்தினார். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல. நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. அவர் ரோட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரோட்டப் பாருங்க."

"இன்னொருக்கா சிரி."

"ரோட்டப் பாருங்க."

திரும்பி வந்து பானட்டைத் திறந்தார். வலது உள்ளங்கையை என்ஜின் மேல் வைத்துக் கண்ணை மூடினார், நாடி பார்க்கிற மாதிரி. ரிக்குக்கும் இப்படித்தான் பார்ப்பாராம். வெகுநேரம் வைத்திருந்தார். "நடுக்கமே இல்ல அம்மிணி. கெணத்துத் தண்ணி மாதிரி கெடக்குது."

நான் விடவில்லை. பக்கத்தில் ஒரு கேரேஜுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். மெக்கானிக் அடியில் போய் வந்து கையைத் துடைத்துக்கொண்டார். கூலன்ட் ஒழுகிக் காய்ந்த கறை. பிளாஸ்டிக் குழாய்கள் நொறுங்கும் பருவம். என்ஜினைத் தாங்கும் ரப்பர் ஒரு பக்கம் போய், நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. "ஓடுமுங்க மேடம். எப்ப நிக்கும்னு மட்டும் கேக்காதீங்க."

நடுங்குகிறது என்கிறார் மெக்கானிக். நடுக்கமே இல்லை என்றார் இவர். குறித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

தக்காளி, கறிவேப்பிலை வாங்க மறந்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் தோசைத் தட்டை நீட்டினார். வலது உள்ளங்கையில் பெரிய கொப்புளம்.

"எப்ப சுட்டுக்கிட்டீங்க?"

கையைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. "அட."

நேற்று அந்த என்ஜின் மேல். அவ்வளவு நேரம் வைத்திருந்தாரே.

பேச்சு வரவழைக்க மத்தியானம் ஆயிற்று. விரல் மரத்துப்போய் இரண்டு வருடம். துளை போடும்போது ரிக்கின் நடுக்கம் கை வழியாகவே ஏறி, ஒருநாள் ஏறுவது தெரியாமல் போய்விட்டதாம். வலது கை சுத்தமாக. இடது கை பாதி. போன சீசனில் ஒரு பைப் பிடியிலிருந்து நழுவி, வேலைக்காரன் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கிறது. அவன் சிரித்துவிட்டான். இவர் அன்று சாப்பிடவில்லை.

"குமரேசனுக்குத் தெரியுமுங்களா?"

"தெரிஞ்சா, என்னைய வெச்சு என்ன பண்ணுவான்?"

"அப்பறம் எதுக்குங்க பாக்கலாம், பாக்கலாம்னு சொல்றீங்க?"

"கை செத்துப்போச்சுன்னு எப்பிடிச் சொல்றது அம்மிணி?" இதையும் அவர் தணிந்த குரலில்தான் சொன்னார். ஜன்னலைச் சாத்தினேன்.

அப்படியானால் நேற்று கை வைத்துப் பார்த்தது? "பழக்கம். கண்ண மூடிக்கிட்டா பழசெல்லாம் ஞாவகம் வரும். அத வெச்சுச் சொல்றதுதான்."

மருந்து போட்டுக் கட்டினேன். வலிக்கவில்லை என்றார். வலித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் இந்த முறை போகக் கூடாது. போனால் கையோ, யாருடைய காலோ. எழுதினால் பயம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. மேட்டூர். அனல்மின் நிலையத்துப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது, காற்றே இல்லை.

ஜ. ஒரு ஓய்வுபெற்ற பெண் டாக்டருடையது. பிரசவம் பார்த்தவர். எழுபது தாண்டியிருக்கும். கார் கணவருடையது என்று நினைத்துவிட்டேன். "என் வீட்டுக்காரர் இதுல ஏறவே மாட்டார், பயந்தாங்கொள்ளி. இது என் வண்டி" என்றார். கண்ணில் கோளாறு, இனி ஓட்டக் கூடாதாம். இந்த முறை நிஜமாகவே டாக்டர் ஓட்டிய வண்டி.

"நெறையப் பேர் வந்தாங்க. வாசல்ல நின்னு நம்பரைக் கூட்டிப் பாப்பாங்க. எட்டு வருது. பானட்டைத் தொறக்காமலே போயிடுவாங்க. நீ என்னம்மா படிச்சிருக்கே?"

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டாக்டர்."

"அப்ப நீயாவது கூட்டாதே."

கூட்டவில்லை என்றேன். வாசலிலேயே கூட்டிவிட்டிருந்தேன். கை தானாகப் போய்விடுகிறது.

சிவப்பு, வெயிலில் கொஞ்சம் வெளுத்தது. உள்ளே இரண்டே இருக்கை. ஓட்டினால், ஜெ. மாதிரி முதுகில் தள்ளுவதில்லை. ஆரம்பத்தில் நம் பழைய கார் போலவே சாது. மேலே மேலே அழுத்தினால்தான் குரல் மாறுகிறது, பிறகு நிற்பதே இல்லை. ஜெ. கேட்காமலே கொடுக்கும். ஜ. கேட்டால் கொடுக்கும். எனக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவர் என்ஜினைத் தொடவில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார். "ஒண்ணுமே இல்ல அம்மிணி!" ஏதோ கண்டெடுத்தவர் போல அவ்வளவு சந்தோஷம்.

அணைப் பக்கம் மீன் வறுக்கும் கடையில் உட்கார்ந்தோம். மறுபடி கேட்டேன், எதற்கு இப்படி ஒரு வண்டி என்று. இடது கையால் முள் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"பின்சீட்டு இருந்தா ஆராவது ஏறிக்குவாங்க. ரிக்குல எந்நேரமும் எட்டுப் பேரு. ஒருத்தன் மேல ஒருத்தன் காலப் போட்டுத் தூங்கோணும். ஊருக்கு வந்து கார எடுத்தா காதுகுத்து, சீரு, எழவு, ஊரே ஏறுது. வேண்டாம்னு சொல்ல என்னால ஆகுமா? சீட்டே இல்லீன்னா எப்பிடி ஏறுவாங்க? உன்னோட தனியா ஒருக்காக்கூட எங்கியும் போனதில்ல அம்மிணி."

என்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். மீன் வறுக்கிற அம்மா கரண்டியை நிறுத்தினார். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. அந்த அம்மா இன்னும் இரண்டு துண்டு கொண்டுவந்து வைத்தார். "சாப்புடு சாமி. இதுக்குக் காசு வேண்டாம்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

தேர்வுத்தாள் திருத்தம். தலைவலி.

மேட்டூர் வண்டியே எடுக்கலாம் என்றேன். எட்டு ஆகாது என்கிறார். ரிக்குக்காரர்கள் யாரும் வண்டிக்கு எட்டு வைக்க மாட்டார்கள்.

"நான் பொறந்ததே எட்டாந் தேதி. என்னக் கட்டிக்கிட்டீங்கள்ல?"

"அதான் இத்தன வருசமா ஊட்டுப் பக்கம் வராம இருந்தேன்."

சொல்லிவிட்டு அவரே விழித்தார். முதலில் நான் சிரித்தேன், பிறகு அவர்.

"எனக்குன்னா எட்டா இருந்தா என்ன, பத்தா இருந்தா என்ன. நீ ஏறுற வண்டி" என்றார்.

முடிவு: நாளை மல்லசமுத்திரம் போய்க் குலதெய்வத்திடம் பூ கேட்பது. இலையில் மடித்த இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் மேட்டூர், சிவப்பு என்றால் சேலம் என்று என்னிடம் சொன்னார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அரைநாள் லீவு போட்டாயிற்று.

ஜனவரி 28, புதன்

கோயிலில் கூட்டம் அதிகமில்லை, பத்துப் பதினைந்து பேர். பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்தார். "நெனச்சத மனசுக்குள்ளயே கேட்டுக்கங்க. வாய் தொறந்து சொல்லப்படாது."

இவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். மனசுக்குள்தான் கேட்டார், அவர் அறிந்தவரை. கோயில் முழுக்கக் கேட்டது.

"ஆத்தா, எனக்கு ஊட்டோட இருந்துரலாம்னு ஆச. வெள்ளையக் குடுத்தா இருந்தர்றேன். செவப்பக் குடுத்தா குமரேசனோட போயர்றேன். நீயே சொல்லு."

காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ ஒருவருடைய சின்னப் பெண், பாவாடை தடுக்கத் தடுக்க நடந்து போய் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். பிரித்துவிட்டுக் கொடுக்கத் தயங்கினார்.

சிவப்பு.

வரும் வழியில் "சேலத்து வண்டிதானுங்களா அப்ப?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. "ம்" என்றார், வெளியே பார்த்துக்கொண்டு.

மத்தியானம் கல்லூரிக்குப் போகவில்லை. போனதாக யாழினியிடம் சொன்னேன். இரண்டு நிறப் பூ, ஒரு குழந்தையின் கை. பாதிக்குப் பாதி. இதை நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். இருந்தும் சமையலறையில் நின்று அழுதேன்.

ஜனவரி 29, வியாழன்

குமரேசன் வந்தான், மைசூர்பாகுப் பெட்டியோடு. செருப்பைக் கழற்றும்போதே குரல்: "அக்கா! ஆத்தாளே சொல்லிருச்சாமா!"

இவர் திகைத்தார். "உனக்கு எப்பிடிடா தெரியும்?"

"மல்லசமுத்திரத்துக்கே தெரியுமுங்க மாமா. மைக் செட்டு போட்டாப்புல கேட்டீங்களாமா."

இவர் என்னைப் பார்த்தார். "நா கத்துனனா?"

"ஆமாங்க."

"நீயும் கேட்டியா?"

"கேட்டேனுங்க."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது நான் சொன்னேன், எனக்கே ஆச்சரியம்: "வாய் தொறந்து கேட்டது செல்லாது. பூசாரி முன்னாடியே சொல்லிட்டாரு."

குமரேசன் சிரித்தான். "அக்கா, நீங்க எப்பருந்து சாமிக்கு வக்கீலானீங்க? நா பூசாரியக் கேட்டுட்டுத்தான் வாரேன். சத்தமாக் கேட்டாலும் பதிலு பதிலுதானாம்."

அவன் கெட்டவன் இல்லை. ரிக்கோடு இவர் வருகிறார் என்று சொல்லித்தான் வடக்கே வேலை பிடித்து வைத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். போகும்போது, "ஞாயித்துக்கெழம காலைல பூச, நேரமா வந்துருங்க மாமா" என்றான். இவர், "செரி மாப்ள."

எதற்குச் சரி? பூசைக்கா, பயணத்துக்கா?

கை விஷயத்தை நான் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அது அவர் கை. அவர் சொல்ல வேண்டியது.

அவன் போனபின் கேட்டார்: "நெசமாவே செல்லாதா அம்மிணி?"

"செல்லாதுங்க."

"உனக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லியே."

"இல்லாததுனாலதான் சட்டம் தெளிவாத் தெரியுது."

சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. மைசூர்பாகு அப்படியே இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

கார் முடிவாயிற்று. ஆத்தாளிடம் காரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆகவே அது என் பொறுப்பு என்றேன். அவரால் மறுக்க முடியவில்லை. ஜ.

காரணம் எழுதி வைக்கிறேன், பிற்பாடு குழம்பாமல் இருக்க. ஜெ. தருவது பெரிய சந்தோஷம், அதில் பொய்யில்லை. நான் சிரித்தது எனக்கே நினைவிருக்கிறது. ஆனால் எப்போது நிற்கும் என்று கேட்கக் கூடாத வண்டியோடு நான் ஏற்கனவே அரை ஆயுள் வாழ்ந்துவிட்டேன். எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும், கேட்கக் கூடாது. போதும். கொஞ்சம் குறைவாகத் தள்ளட்டும். காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் இருக்கட்டும். இது கார் வாங்கும் காரணம்தானா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

டாக்டரம்மா சாவியைக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளைக் கொடுக்கக் கூடாதாம். எட்டாம் நம்பரை வெள்ளிக்கிழமை கொடுக்கறேன். என்ன ஆகுதுன்னு பாப்போம்." சிரித்தார். காரின் கூரை மேல் ஒருமுறை கை வைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் கிளம்பும்வரை நின்று பார்க்கவில்லை.

ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசியது. ஒவ்வொரு முறையும் இவர் "அய்யோ" என்றார், தன் வயிறு உரசியது போல. சங்ககிரி ரோட்டில் நன்றாக அழுத்தினார். என்ஜின் குரல் ஏறி ஏறிப் பாட்டு மாதிரி ஆனபோது கத்தினார்: "கேக்குது அம்மிணி! எனக்குக் கேக்குது!"

எதிர்வீட்டுப் பொன்னாத்தா வந்து சுற்றிப் பார்த்தார். தலையை உள்ளே விட்டார். "ஏனுங்க, பொறத்தால சீட்டக் காணமே?"

"இல்லீங்க" என்றார் இவர்.

"அப்ப மாரியம்மன் நோம்பிக்கு நாங்க எப்பிடிப் போறது?"

இவர் காரைத் துடைக்க ஆரம்பித்தார். காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவரும் போய்விட்டார்.

ஜனவரி 31, சனி

மேகம். வெக்கை. கல்லூரி உண்டு.

திரும்பி வந்தபோது காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அழுக்கே இல்லாத காரை. மதியமும் கழுவினாராம். நாளையைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் எடுக்கவில்லை.

அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதை அவருக்காக நான் சொல்லிவிடலாம். குமரேசன் என் தம்பி, என் பேச்சை மீற மாட்டான். ஆனால் அப்படி இருந்துவிட்டால், என் சொல்லுக்காக இருக்கிறார் என்று ஆகும். அடுத்த தையில் வேறு யாராவது வேறு சொல் சொல்வார்கள்.

காதுமெஷினை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து அவர் சட்டைப் பையில் போட்டேன். பார்த்தார். எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். இத்தனை நாளாக எப்படிப் போட்டார் என்று யோசிக்கவேயில்லை. பொத்தானை அவிழ்க்காமலே தலைவழியாக மாட்டிக்கொள்வாராம்.

நாளை என்ன ஆகும் என்று தெரியாது.

பிப்ரவரி 1, ஞாயிறு

நடந்தது.

விடிகிற நேரத்தில் கிளம்பினோம். ஊருக்கு வெளியே ரிக் நிறுத்துகிற இடம். ரிக்குக்கும் கூட வரும் லாரிக்கும் மாலை, சந்தனம், முகப்பில் வாழைக்கன்று. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். வேலைக்காரர்கள் புதுச்சட்டையில். ரோட்டில் பழனிக்குப் போகிறவர்கள் காவடியோடு நடந்துகொண்டிருந்தார்கள். பையன்கள் எங்கள் காரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள்.

குமரேசன் தேங்காயை இவர் கையில் கொடுத்தான். ஒவ்வொரு வருடமும் இவர்தான் உடைப்பாராம். எனக்குத் தெரியாது, நான் ஒருமுறையும் வழியனுப்ப வந்ததில்லை.

வலது கையில் வாங்கினார். பார்த்துக்கொண்டே நின்றார். கற்பூரம் எரிந்து முடியப் போகிறது. "ஒடைங்க மாமா" என்றான்.

"நீ ஒடைச்சுக்க மாப்ள."

"நீங்கதானுங்க எப்பவும்."

"கைல இருக்கறது தேங்காயா கல்லான்னு எனக்குத் தெரியல. ரெண்டு வருசமாத் தெரியல. நா வாரல, குமரேசா."

சத்தமாகவே சொன்னார். இந்த முறை வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

குமரேசன் அவர் கையைப் பிடித்துத் திருப்பினான். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்தான். "அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"போன ஞாயித்துக்கெழமையிருந்து."

அவன் தழுவிக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கோபம். முகம் கறுத்துவிட்டது. "ரெண்டு வருசமா இந்தக் கையோட பைப்பத் தூக்கிக்கிட்டு இந்தப் பசங்க காலுகிட்ட நின்னீங்களா மாமா? எவனாவது போயிருந்தா? அவன் ஊட்ல போயி நான் என்ன சொல்றது?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான்டா."

அவன் தேங்காயை வாங்கினான். ஒரே அடி. ஓடு எங்கள் கார் வரைக்கும் தெறித்தது. விறுவிறுவென்று போய் ரிக்கில் ஏறினான். வண்டி நகர்ந்தது. பத்தடி போய் நின்றது. இறங்கி ஓடிவந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர்கிட்டக் காட்டுங்க, மொதல்ல. அங்க போயிப் போன் பண்றேன், பைப் இறக்கறப்ப சந்தேகம்னா சொல்லிக் குடுங்க. போயிட்டு வாரேன் மாமா. வாரேங்க்கா" என்றான். மறுபடி ஓடினான்.

தூசி அடங்கும்வரை நின்றோம். வேலைக்காரர்களில் ஒருவன் லாரியின் பின்னாலிருந்து வெகுதூரம் கையாட்டிக்கொண்டே போனான். அந்த ஒரு சாண் தப்பித்தவன் அவனாக இருக்கலாம். கேட்கவில்லை.

காரில் ஏறினார். சாவியைப் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு."

வீட்டுப் பழைய காரை ஓட்டியிருக்கிறேன், இவ்வளவு வேகமான வண்டியை நான் தொட்டதில்லை. மெல்லத்தான் ஓட்டினேன். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தே சலித்துப்போய்த் தாண்டிப் போயிற்று. காவடிக்காரர்களுக்கு நின்று நின்று வழிவிட்டேன். இவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தார். வாயைத் திறந்துகொண்டு, தோல் உரிந்த கை மடியில் மலர்ந்து. வேறொருவர் வண்டி ஓட்ட இவர் தூங்கி நான் கண்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. நான் திரும்பவில்லை.